பொழுதுபடாத ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

சென்ற ஆண்டு மே மாத இறுதியில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் ஒஸ்லோவுக்கு வந்தார். அவருக்கு 74 வயது. புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, உன்ரை சித்தப்பா அந்த நாளிலை கடிதத்திலை எழுதுவாரே, பொழுதுபடாத ஊரெண்டு, அதை ஒருக்கால் எனக்குக் காட்டு." கடை, அருங்காட்சியகம், படகுச் சவாரி எதையும் அவர் கேட்கவில்லை.

சித்தப்பா 1980களின் நடுவில் நோர்வேக்கு வந்தவர். அக்காலத்தில் வந்த எங்கள் இளைஞர்கள் பலரைப் போலவே அவரும் மக்கள் கல்லூரி ஒன்றில் ஓராண்டு படித்துவிட்டு, நாட்டின் வடகோடியான ஃபின்மார்க் மாகாணத்தில் கடலோரக் கிராமமொன்றின் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று ஒஸ்லோவில் வீடும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் நோர்வே வாழ்க்கை, கையுறைக்குள் விரல்கள் விறைக்க மீன் துண்டு போட்ட அந்த வடகரையில்தான் தொடங்கியது. அங்கிருந்து அவர் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதிய கடிதமொன்றில், "அண்ணி, இங்கே இரண்டு மாதமாகப் பொழுது படவில்லை" என்று ஒரு வரி இருந்ததாம். அந்த வரியை அம்மா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்திருக்கிறார் என்பது எனக்கு அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் தெரிந்தது.

ஆகவே இந்தப் பயணம் பிழையாகிப்போகக் கூடாது என்று நானும் மனைவியும் உறுதியாக இருந்தோம். அதற்குக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் பிள்ளைகளுடன் நாங்கள் லொஃபோட்டன் தீவுகளுக்கு நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கவென்றே சென்று, பாராமலே திரும்பியிருக்கிறோம். விளம்பரத்தில் "நள்ளிரவுச் சூரியனின் நாட்டில்" என்று எழுதியிருந்த சிவப்பு மரவீடு ஒன்றை இரண்டு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். வீடு அழகானது, வாசலில் கடல், ஆனால் அந்தக் கடல் தெற்கே இருந்தது. வீட்டின் முதுகுப் பக்கம், வடக்கே, செங்குத்தாக மலை நின்றது. நள்ளிரவில் சூரியன் நேர் வடக்கில் நிற்கும் என்ற அடிப்படை உண்மையை நாங்கள் யோசிக்காமல் போனதால், இரண்டு இரவும் மலைநிழலில் உட்கார்ந்து, எதிர்ச் சிகரங்களின் உச்சியில் விழுந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். விளம்பரத்தில் பொய் இல்லை. நாடு நள்ளிரவுச் சூரியனின் நாடுதான், அந்த வீட்டு யன்னல் மட்டும் அதற்குரிய யன்னல் அன்று.

இம்முறை தேர்வை ஒரு குறிப்புப் புத்தகத்தோடு தொடங்கினோம். பன்னிரண்டு வயது மகளுக்குப் பாடசாலையில் பூமியின் சாய்வு பற்றிப் படிப்பித்திருந்தார்கள். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், ஜூன் 21ஆம் திகதியை ஒட்டிய நாள்களில் சூரியன் நில நடுக்கோட்டிலிருந்து அத்தனை பாகை வடக்கே நிற்கிறது. பின்னர் மெல்ல மெல்லத் தெற்கே இறங்குகிறது. ஓர் ஊரின் அகலக்கோட்டோடு அன்றைய சூரியனின் இந்த எண்ணைக் கூட்டி, அதிலிருந்து 90ஐக் கழித்தால் வருவதுதான் நள்ளிரவில் அவ்வூரின் அடிவானத்துக்கு மேலே சூரியன் நிற்கும் உயரம். விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் சூரியன் மறையும். மகள் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஜூலை 8ஆம் திகதிக்கு 22.5 பாகை என்று எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கணக்குப் போட்டாள். வடதுருவக் கடலிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் லொங்இயர்பியன் ஊருக்கு 10.7. நூர்காப் முனைக்கு 3.7. ட்ரொம்சோவுக்கு 2.2. பூடோவுக்குக் கழித்தல் 0.2.

கடைசி விடையைப் பார்த்து அவள் குழம்பினாள். பூடோவில் ஜூன் 4 முதல் ஜூலை 8 வரை நள்ளிரவுச் சூரியன் தெரியும் என்று சுற்றுலாக் கையேட்டில் அச்சடித்திருக்கிறதே, கணக்கு ஏன் மறைந்துவிட்டதென்று சொல்கிறது என்று கேட்டாள். கணக்கு சூரியனின் நடுப்புள்ளிக்கு உரியது. நாம் பார்ப்பதோ அதன் மேல்விளிம்பு அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா என்பதை. அதோடு, அடிவானத்தை ஒட்டி வரும் ஒளியை வளிமண்டலம் வளைப்பதால், சூரியன் இருக்கும் இடத்தைவிட அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக உயர்ந்து தெரிகிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் முக்கால் பாகைக்குச் சற்று அதிகமாக ஆதாயம் கிடைக்கிறது. ஏறத்தாழ 66.6 பாகையில், நள்ளிரவுச் சூரியனுக்கு எல்லையாக வரையப்படும் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கேயுள்ள ஊர்களில்கூட ஆண்டின் நீண்ட நாள்களில் சூரியன் மறையாதிருப்பதற்குக் காரணம் இதுவே. அவள் அதைத் தன் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அந்த ஒரு பக்கக் கணக்குத்தான் எங்கள் மனத்தை மாற்றியது. அதுவரைக்கும், வடக்கே போகப் போக நல்லது என்றுதான் எண்ணியிருந்தோம். மனைவிக்கு ஸ்வால்பார்டில் ஆசை இருந்தது. 78ஆம் பாகையில் அமைந்த அந்தத் தீவுகளில் ஏப்ரலின் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டின் பிற்பகுதிவரை, நான்கு மாதம், சூரியன் மறைவதே இல்லை. ஆனால் பத்துப் பாகைக்கு மேல் நிற்கும் சூரியன் நள்ளிரவிலும் வெள்ளையாகத்தான் எரியும். செம்மை, பொன்னிறம், நீண்ட நிழல் எல்லாம் சூரியன் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் போகும்போதுதான் வரும். ஒளி வளிமண்டலத்தின் ஊடே நெடுந்தூரம் கடந்து வரவேண்டும். அம்மா பார்க்க விரும்பியது ஓயாத பகலை அன்று. பட வேண்டிய பொழுது படாமல் நிற்பதை. அதற்குச் சூரியன் தாழ வேண்டும், ஆனால் மறையக் கூடாது. ஆகவே மிக வடக்கும் வேண்டாம், கோடையின் உச்ச நாளும் வேண்டாம். வட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று பாகை, ஜூலை முதல் பாதி: தேவை இவ்வளவாகச் சுருங்கியது.

ஸ்வால்பார்டு விலகியதற்கு இன்னொரு காரணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும். ஸ்வால்பார்டு நோர்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதென்றாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா வலயமான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே செல்வதற்கென்று தனி விசா தேவையில்லை. ஆனால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவில் வந்தவர் அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும், ஒஸ்லோவுக்குத் திரும்பி நுழைய விசா இராது. அம்மாவின் விசா ஒருமுறை நுழைவு விசா. விமானச் சீட்டு எடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பிள்ளைகள் விடாமல் கேட்டது நூர்காப். ஆங்கிலத்தில் நோர்த் கேப் என்று அறியப்படும் அந்தச் செங்குத்துப் பாறை, மாகரோயா என்ற தீவில், கடலிலிருந்து 307 மீற்றர் உயரத்தில், 71 பாகை 10 கலையில் நிற்கிறது. 1978இல் நிறுவப்பட்ட இரும்புப் பூகோளத்தின் அடியில் நின்று படம் எடுக்கவேண்டும் என்பது ஏழு வயது மகனின் ஆசை. இடத்துக்கு வரலாறும் பெரிது. 1553இல் வடகிழக்குக் கடல்வழி தேடிப் போன ஆங்கிலேய மாலுமிகள்தான் அதற்கு அப்பெயரைச் சூட்டினார்கள். 1873இல் அரசர் இரண்டாம் ஒஸ்கார் ஏறிப் பார்த்தார். 1907இல் சயாம் அரசர் சூலாலங்கோர்ன், அத்தனை தூரத்து வெப்பநாட்டிலிருந்து வந்து, அங்கே கல்லில் தம் பெயரெழுத்தைப் பொறித்துச் சென்றார். சயாம் அரசரின் கதையை அம்மா மிகவும் இரசித்தார். வெப்பநாட்டு மனிதருக்கு இந்தச் சூரியன் எத்தனை அதிசயமாக இருக்கும் என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுந்தான்.

ஆயினும் நூர்காப்பையும் கைவிட்டோம். 1999இல் திறக்கப்பட்ட, கடல்மட்டத்துக்கு 212 மீற்றர் கீழே இறங்கி ஏறும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர்ச் சுரங்கப்பாதை வழியாகத் தீவுக்குள் காரிலேயே போய்விடலாம். ஆனால் தங்குவதற்கு வசதியான ஹொன்னிங்ஸ்வோக் ஊர் தீவின் தென்கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. முனையோ அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் மேல். ஒவ்வோர் இரவும் குழந்தையையும் முதியவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மரமில்லாத மேட்டுநிலத்தில் காற்றோடு போய், பேருந்துகளில் வந்த கூட்டத்தோடு நின்று, ஒரு மணிக்குப் பிறகு திரும்பவேண்டும். மூடுபனி ஏறிவிட்டால் 307 மீற்றர் உயரத்தில் கைப்பிடிக் கம்பிகூடத் தெரியாது. இரண்டு இரவுக்கு மேல் யாரும் அப்படிப் போய்வரமாட்டார்கள். இரண்டு இரவை நம்பிப் போவதன் பலனை நாங்கள் முன்பே அறிந்திருந்தோம். ஐரோப்பாவின் வடகோடி என்ற பெயரும் முழுவதும் சரியன்று. அதே தீவில் பக்கத்தில் நீண்டிருக்கும் க்னீவ்ஷெல்லொடன் முனை இன்னும் சற்று வடக்கே போகிறது. இதைக் கேட்ட பிறகு மகனுக்கு நூர்காப்பின் மேலிருந்த பிடிவாதம் பாதியாகக் குறைந்தது.

ட்ரொம்சோ எளிது. ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மருத்துவமனை உண்டு, கடைகள் உண்டு, மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறையாது. முதியோருடன் முதன்முறை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் ட்ரொம்சோவைத்தான் சொல்வேன். நகரைச் சுற்றி மலைகள் இருப்பதால் தெருவில் நின்று பார்ப்பது போதாது. தொங்குவண்டியில் ஸ்தூர்ஸ்தெய்னன் என்ற 421 மீற்றர் உயர மேட்டுக்குப் போகவேண்டும், கோடையில் அது நள்ளிரவு கடந்தும் ஓடுகிறது. நடக்க வலுவுள்ளவர்கள் நேபாளத்து ஷெர்ப்பாக்கள் கல் பதித்துக் கட்டிய ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறலாம். மகளுக்கும் எனக்கும் அந்தப் படிகளில் ஆசை இருந்தது. ஆனால் ஒவ்வோர் இரவும் வரிசையில் நின்று சீட்டு வாங்கி மேலே போய்ப் பார்ப்பது, வாசற்படியில் இருந்துகொண்டு பார்ப்பதாகாது.

கரையோரக் கப்பலைப் பற்றியும் பேசினோம். 1893 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சேவை பேர்கனிலிருந்து கிர்கெனெஸ்வரை துறைமுகம் துறைமுகமாகத் தொட்டுச் செல்கிறது. ஐந்து பேருக்கான செலவும், அம்மாவுக்குக் கடல் ஒத்துவராததும் அந்தப் பேச்சை அன்றே முடித்துவைத்தன. ஐஸ்லாந்தின் பெருநிலம் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருப்பதாலும், பின்லாந்து லாப்லாந்தில் கடலடிவானம் இல்லாமல் காடும் நுளம்பும் இருப்பதாலும் அவற்றை நாங்கள் நீளமாக ஆராயவில்லை.

லொஃபோட்டனுக்கு மீண்டும் போகலாமா என்பதுதான் உண்மையான கேள்வியாக இருந்தது. முன்பு செய்த பிழை தீவுகளின் பிழையன்று. நாட்காட்டிகளில் வரும் ரெய்னெ போன்ற புகழ்பெற்ற மீனவக் கிராமங்கள் பெரும்பாலும் வெஸ்ட்ஃபியோர்டைப் பார்த்த தென்கிழக்குக் கரையில் இருக்கின்றன; நோர்வேக் கடலின் குளிர்காற்றுக்கு மலையை அரணாக வைத்து முன்னோர் கட்டிய ஊர்கள் அவை. அவர்களுக்கு வேண்டியது மாரிக்காலத்தில் படகு கட்டப் பாதுகாப்பான துறை. நள்ளிரவுச் சூரியன் எங்களைப் போன்ற விருந்தாளிகளின் தேவை. சூரியனைப் பார்க்க வடகரைக்குப் போகவேண்டும்: எக்கும், உன்ஸ்டா, உத்தாக்லெய்வ். ஆனால் ஸ்வொல்வேர்ப் பக்கத்தில் ஜூலை 14ஓடு நள்ளிரவுச் சூரியன் முடிந்துவிடும். ஜூலை மாதத்தில் அந்த வீதிகளில் வாகன நெரிசலும் கூடுதல்.

அப்போதுதான் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஊரைப் பார்த்து எடுக்காதை, யன்னலைப் பார்த்து எடு" என்றார். "வடக்கை கடல் திறந்திருக்கோணும். வீட்டிலையிருந்து நடந்து போற தூரத்திலை கரை இருக்கோணும். அண்ணிக்கு இருக்க ஒரு கதிரை வைக்க இடம் இருக்கோணும்." விரல் லொஃபோட்டனைத் தாண்டி மேலே போய், வெஸ்டரோலன் தீவுக்கூட்டத்தின் வட நுனியான அன்டோயாவில் நின்றது.

அன்டோயாவின் வடமேற்குக் கரையில் பிளெய்க் என்றொரு சிறு மீன்பிடிக் கிராமம் உண்டு. முதுகில் மலை, முன்னே இரண்டரைக் கிலோமீற்றர் நீளத்தில் வெண்மணல், அதற்கப்பால் நோர்வேக் கடல். கரைக்கு அப்பால் கூம்பு வடிவத்தில் பிளெய்க்சோயா என்ற பாறைத்தீவு; கோடையில் பஃபின் பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. சில கிலோமீற்றர் வடக்கே அன்டெனெஸ் ஊர், அதன் 1859ஆம் ஆண்டுச் சிவப்புக் கலங்கரை விளக்கு, திமிங்கிலம் பார்க்கச் செல்லும் படகுகள். அகலக்கோடு 69.3. மகள் உடனே கணக்குப் போட்டாள்: ஜூலை 8இல் 1.8 பாகை. ஒளிவளைவைச் சேர்த்தால் இரண்டு பாகைக்குச் சற்று மேல். கையை நீட்டிச் சுட்டுவிரலைக் கிடையாகப் பிடித்தால் அந்த விரலின் அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். கடலுக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு விரல்.

வாடகைக்கு வீடு எடுக்கும்போது இம்முறை படங்களை நம்பவில்லை. வீட்டின் முகவரியை வரைபடத்தில் வைத்து, நேர் வடக்கே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு கடலில் விழுகிறதா மலையில் விழுகிறதா என்று பார்த்தோம். முதலில் பிடித்துப்போன வீட்டை அந்தக் கோடு தள்ளிவிட்டது. இரண்டாவதாகக் கிடைத்தது பழைய, சிறிய, குறைந்த வாடகையுள்ள வீடு. அதன் சமையலறை யன்னலிலிருந்து இழுத்த கோடு வழியில் எதிலும் படாமல் கடலுக்குள் போனது. ஜூலை 5 முதல் 12 வரை, ஏழு இரவுகளையும் அங்கேயே கழிப்பது என்று முடிவு செய்தோம். மூன்று ஊர்களில் இரண்டிரண்டு இரவு என்ற மனைவியின் பழைய திட்டத்தை அவளே அழித்தாள். வடக்கே வானம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. முகில் விலகும்வரை காத்திருக்க இரவுகள் கையில் இருக்கவேண்டும்.

நாங்கள் புறப்படும் முன்தினம் சித்தப்பா சமையலறை அலுமினியத் தாள் உருளையொன்றைக் கொண்டுவந்து தந்தார். முதற்கோடையில் தொழிற்சாலை விடுதியில் இவர்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தார்களாம். பின்னேர வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். படுத்தால் நித்திரை வராது. நள்ளிரவில் தொழிற்சாலைக்குப் பின்னால் கிரிக்கெட் விளையாடிவிட்டு, காலையில் கத்தி பிடிக்கக் கை நடுங்குமாம். இருள் வந்தால்தான் உடலில் நித்திரைக்கான மெலட்டோனின் சுரக்கும் என்று அன்றைக்கு அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட வேலைசெய்த நோர்வேப் பெண் ஒருவர்தான் யன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டும்படி காட்டிக்கொடுத்தாராம். "பிள்ளையளின்ரை அறைக்கு முதல் ஒட்டு" என்று சொல்லித் தந்தார்.

எவெனெஸ் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தின் பின் போய்ச் சேர்ந்தோம். வெப்பநிலை 11 பாகை செல்சியஸ். ஜூலைக்கு அங்கே அது வழமையானதே. கனத்த கம்பளி உள்ளாடை, காற்றுத் தடுக்கும் மேற்சட்டை, தொப்பி மூன்றும் இல்லாமல் நள்ளிரவில் கரையில் பதினைந்து நிமிடங்கூட இருக்கமுடியாது. அம்மாவுக்கு இவற்றை ஒஸ்லோவிலேயே வாங்கியிருந்தோம். முதல் வேலையாக மகனின் அறை யன்னலுக்குத் தாள் ஒட்டினேன். ஆனாலும் முதல் இரவு அவன் உறங்கவில்லை. "வெளிச்சமா இருக்கு, ஏன் படுக்கவேணும்?" என்று பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தான். மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் படுக்கை, ஆறரைக்கு எழுந்து தேநீர், பத்து மணிக்கு இராச்சாப்பாடு, பன்னிரண்டுக்குக் கரை, இரண்டு மணிக்கு மீண்டும் படுக்கை. சிறுபிள்ளையோடு போகிறவர்கள் ஒஸ்லோவின் நேரத்தை அங்கே இழுத்துப் பிடிக்காமல், இரண்டாகப் பிரித்து உறங்கவைப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

முதல் மூன்று இரவும் முகில். வடக்கே சாம்பல் நிறத் திரை; அதன் கீழ்விளிம்பில் மட்டும் மஞ்சட் கீற்று. அம்மா ஏமாற்றத்தைக் காட்டவில்லை. ஆனால் பன்னிரண்டரைக்கு ஒருமுறை யன்னலுக்குப் போய்வந்து, ஒரு மணிக்கு இன்னொருமுறை போய்வந்தார். ஒரு நாள் துறைமேடையில் மகன் தூண்டிலில் 'சேய்' என்று நோர்வேயில் சொல்லும் கடல்மீன் ஒன்றைப் பிடித்தான். இரவு பதினொரு மணிக்கு அம்மா அதில் சொதி வைத்தார். அடுத்த வீட்டுக்காரர் அந்நேரத்தில் ஏணியில் நின்று வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். உலர்ந்த நாள்கள் குறைந்த ஊரில், வெளிச்சம் இருக்கும்வரை வேலையும் உண்டு.

அம்மாவுக்கு இருந்த ஒரே சங்கடம் விளக்கு. வடமராட்சியில் எங்கள் வீட்டில் அவர் ஒரு நாளும் பொழுதுபட்ட பின் விளக்கேற்றப் பிந்தியதில்லை. வாசல் கூட்டி, முகம் கழுவி, மைமல் கவியும் நேரத்தில் விளக்கு வைப்பார். மைமலே இல்லாத ஊரில் எப்போது வைப்பது? முதல் நாள் மாலை யன்னலருகே நின்று நெடுநேரம் பார்த்திருந்தார். சிறிய பித்தளை விளக்கைப் பையில் கொண்டுவந்திருந்தார். மரவீடாதலால் திரி ஏற்றவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டபோது மறுக்கவில்லை. மின்கலத்தில் எரியும் சின்ன விளக்கொன்றை மகள் தேடிக் கொடுத்தாள். ஊரில் ஆறரை மணி ஆகும்போது இங்கே பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்திலேயே வைப்பதென்று அம்மா தீர்மானித்தார். "அங்கை தங்கச்சி விளக்கு வைக்கிற நேரம். அதோடை வைச்சாச் சரி." அதன்படியே மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும், வெயில் மேசையில் விழுந்திருக்க, நாங்கள் படுக்கப் போகும் முன், அந்தச் சின்ன விளக்கு மூன்று மணிக்கு எரிந்தது.

நான்காம் நாள் இரவு, ஜூலை 8, பத்து மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து காற்று மாறி முகில் கிழிந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதிரை, இரண்டு போர்வை, இஞ்சித் தேநீர்ப் போத்தலோடு கரைக்குப் போனோம். சூரியன் மிகத் தாழ்வது சரியாகப் பன்னிரண்டுக்கு அன்று. நோர்வேயின் கோடை நேரம் சூரியனுக்கு முந்தி ஓடுகிறது. பிளெய்க்கில் அதன் மிகத் தாழ்ந்த நிலை ஒரு மணியளவில்தான். பன்னிரண்டு அடித்ததும் படமெடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பயணிகள் மிக நல்ல ஒரு மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

சூரியன் சற்றே இடப்பக்கம், வடமேற்கில் இருந்தது. எங்கள் ஊரில் சூரியன் நேரே கீழே விழுந்து மறையும். இங்கே அது கடலுக்கு ஏறத்தாழ இணையாக, வலப்பக்கமாக, மெல்லச் சரிந்து வந்தது. மணலில் மகனின் நிழல் எங்களைத் தாண்டி, மணல்மேட்டுப் புல்வரை நீண்டு கிடந்தது. ஈரமணலில் ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு நிழல். அலை நுரை வெள்ளையாயில்லை, பழுத்த தேங்காய்த் தும்பின் நிறத்தில் இருந்தது. பறவைகள் ஓயவில்லை, ஆனால் அவற்றின் சத்தம் பகலில் கேட்டதைவிடத் தனித்தனியாகக் கேட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு மகள் கையை நீட்டி விரலைக் கிடையாகப் பிடித்துப் பார்த்தாள். "அப்பா, ஒரு விரல்" என்றாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாள், ஒரு விரல். பின்னும் பத்து நிமிடம், ஒரு விரல். இறங்குவது எப்போது நின்றது, ஏறுவது எப்போது தொடங்கியது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "இது விழவுமில்லை எழும்பவுமில்லை, கரையாலை நடந்து போகுது" என்றார்.

அதன் பிறகு தெளிந்த இரவுகள் இரண்டு கிடைத்தன, ஏழில் மூன்று. கடைசி இரவு, ஒரு மணிக்கு, கதிரையில் இருந்தபடியே அம்மா என் தொலைபேசியைக் கேட்டு வாங்கிச் சின்னம்மாவை அழைத்தார். ஊரில் அதிகாலை நாலரை. சின்னம்மா அந்நேரத்துக்கு எழும்பிவிடுவார். திரையில் முதலில் இருட்டு, பிறகு குசினி மின்குமிழ், பிறகு அவருடைய முகம். "அங்கை இப்ப பகலோ இரவோ அக்கா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் தொலைபேசியைத் திருப்பிக் கடலுக்கு நேராகப் பிடித்தார். சின்னம்மாவும் பேசவில்லை. அவருடைய வளவில், இன்னும் விடியாத இருட்டுக்குள், சேவல் கூவியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மகன் சூரியனைப் பார்த்தான், பிறகு தொலைபேசியைப் பார்த்தான். அம்மா கையை இறக்கவில்லை. சேவல் மூன்று தரம் கூவி ஓயும்வரை அப்படியே பிடித்திருந்தார்.